சாஃப்ரனின் ஓ போட்டும் குருத்தெலும்பு சிவக்கவே இல்லை, உதவுங்கள்!

மெழுகுக்கட்டி:
திசுத் துண்டுக்குக் குருத்தெலும்பைச் சிவப்பாக்கும் சாஃப்ரனின் ஓ, பின்னணியைப் பச்சையாக்கும் ஃபாஸ்ட் கிரீன், இரண்டு சாயமும் போட்டேன். மூட்டுக் குருத்தெலும்பு மொத்தமும் பச்சை. மூன்று தடவை பார்த்தாச்சு. திங்கட்கிழமை வழிகாட்டியிடம் காட்டணும். எங்கே தப்பு?

கண்ணாடித்தகடு:
எந்த விலங்கு? திசு கெடாமலிருக்க எதில் ஃபிக்ஸ் செய்தீர்கள்? வெட்டுவதற்காக எலும்பின் சுண்ணாம்பு நீக்கியது எதில், எத்தனை நாள்?

பச்சைவிரல்:
ஃபாஸ்ட் கிரீன்தான் திருடன், பந்தயம். 0.05 சதவீதமே தாராளம். அதற்கப்புறம் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 10, 15 விநாடி முக்கினீர்களா?

சைலீன்வாசம்:
சாயம் ஏறியிருக்கும், ஆல்கஹாலில் இறங்கியிருக்கும். 70 சதவீதத்தில் ஊறவிடாமல் நேரே 95-க்குப் போங்கள்.

மூத்தலென்ஸ்:
அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். சாஃப்ரனின் நேர்மின்னேற்றச் சாயம். அது பிடிப்பது குருத்தெலும்பிலுள்ள புரோட்டியோகிளைக்கான் என்ற புரத-சர்க்கரை மூலக்கூறின் எதிர்மின்னேற்றச் சங்கிலிகளை. சங்கிலியே போய்விட்டால் எதைப் பிடிக்கும்? எத்தனை முறைதான் எழுதுவது.

மெழுகுக்கட்டி:
மன்னிக்கவும். எலி முழங்கால். ஃபார்மலின் 48 மணி நேரம். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஐந்து நாள் இருக்கும், நடுவில் விடுமுறை வந்துவிட்டது.

கண்ணாடித்தகடு:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! அமிலத்தில் அவ்வளவு நாள் கிடந்தால் புரோட்டியோகிளைக்கான் கரைந்து வெளியேறிவிடும். சுண்ணாம்பை மென்மையாக எடுக்கும் இடிடிஏ-வில் போடுங்கள், பிஎச் 7.4 பக்கம்.

சைலீன்வாசம்:
இடிடிஏ என்றால் வாரக்கணக்கு. திங்கட்கிழமை என்கிறாரே, படிக்கவில்லையா? ஃபார்மிக் அமிலம் போட்டு, தினமும் பார்த்து, முடிந்ததும் எடுத்தால் போதும்.

நீலமை:
இந்தத் தலைவலிக்கு டொலுயிடின் நீலம் போட்டுவிடலாம். குருத்தெலும்பு ஊதாவாக மாறும், பின்னணி நீலம்.

மூத்தலென்ஸ்:
அந்த ஊதா வரவும் அதே சங்கிலிதான் வேண்டும். தவிர, ஆல்கஹாலில் காட்டினால் ஊதா மங்கும்.

நீலமை:
காற்றில் உலர்த்தி மூடினால் மங்காது ஐயா. பத்து வருட ஸ்லைடு வைத்திருக்கிறேன்.

மூத்தலென்ஸ்:
படம் போடுங்கள், பார்ப்போம்.

பச்சைவிரல்:
நீங்கள் இருவரும் தனி இழை தொடங்குங்கள். மெழுகுக்கட்டி, அதே எலியின் மூச்சுக்குழாய் இருக்கிறதா? அதற்குச் சுண்ணாம்பு நீக்கத் தேவையில்லை. முழங்காலோடு சேர்த்து அதே சாயத்தில் போடுங்கள். அது சிவந்தால் சாயம் நல்லது, அமிலம்தான் கெடுத்தது. அதுவும் பச்சையானால் என் பந்தயம் ஜெயித்தது.

மெழுகுக்கட்டி:
மூச்சுக்குழாய் நல்ல சிவப்பு. முழங்கால் பச்சைதான். அதே எலியின் இன்னொரு முழங்காலை இடிடிஏ-வில் போட்டாச்சு. திங்கட்கிழமைக்கு மூச்சுக்குழாய் மட்டும். நன்றி.

நீலமை:
அந்த இன்னொரு முழங்காலும் ஐந்து நாள் அமிலத்தில் இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லவில்லையே.