லாசாப் படங்களும் சித்தப்பாவின் வாதமும்: சீனாவைப் பற்றி மேற்கத்திய ஊடகங்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

வைகைக்கரையான் (கேள்வி):

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சீனாவைக் குறித்து யார் எந்தச் செய்தியைப் போட்டாலும், அரை மணி நேரத்துக்குள் என் சித்தப்பா ஒரு படத்தொகுப்பை அனுப்பிப் பேச்சை முடித்துவிடுகிறார். 2008 மார்ச் 14 அன்று திபெத்தின் தலைநகரான லாசாவில் வெடித்த கலவரத்தை மேற்கத்திய ஊடகங்கள் எப்படித் திரித்தன என்று காட்டும் தொகுப்பு அது.

முதல் படத்தில் தெருவில் இருவர் ஓடுகிறார்கள். பின்னால் ராணுவ லாரிகள் வருகின்றன. சி.என்.என். தளத்தில் வந்தது இவ்வளவுதான். அதன் அருகிலேயே வெட்டப்படாத முழுப் படமும் வைக்கப்பட்டிருக்கிறது. அதில், வெட்டி நீக்கப்பட்ட பகுதியில், ஒரு கூட்டம் அந்த லாரிகளின் மீது கல்லெறிந்துகொண்டிருக்கிறது. அடுத்து, ஜெர்மனியின் ஆர்.டி.எல்., என்-டிவி (நம் ஊர் என்.டி.டி.வி. அல்ல) ஆகியவை சீன அடக்குமுறை என்று காட்டிய படங்கள், அவற்றில் திபெத்தியர்களைப் பிடித்து இழுப்பவர்கள் உண்மையில் காத்மாண்டுவில் நின்ற நேபாளக் காவலர்கள். கடைசியாக, லாசாவில் ராணுவம் குவிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்புடன் பி.பி.சி. வெளியிட்ட படத்தில் நிற்பது ஓர் ஆம்புலன்ஸ்.

இவை மெய்யானவையா, அல்லது இவையே யாரோ ஒட்டி வெட்டிச் செய்தவையா என்பது என் முதல் ஐயம். மெய்யானவை என்றால், அதைக் கொண்டு சீனாவைப் பற்றி மேற்கிலிருந்து வரும் எல்லாவற்றையும் தள்ளிவிடலாம் என்று சித்தப்பா சொல்வது சரியாகுமா? அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஒரு படியில் பிழை இருந்தால் விடையே தவறு என்று சொல்லிப் பழகியவர். அவரிடம் வெறும் கோபத்தோடு போய் வாதிட முடியாது.

பக்கம் கட்டுபவர்:

படங்கள் மெய்யானவை. நாளிதழ் ஒன்றின் பக்க வடிவமைப்புப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அவை எப்படி நடந்திருக்கும் என்பதைச் சொல்ல முடியும். அதனால் அவை மன்னிக்கத்தக்கவை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செய்தி நிறுவனத்திலிருந்து படம் வரும்போது, எடுத்த இடம், நாள், நிகழ்வு ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பும் உடன் வரும். பக்கத்தில் நமக்குக் கிடைக்கும் இடமோ ஒரு பத்தி அகலமாக இருக்கும், அல்லது இணையத்தில் ஒரு சிறு கட்டமாக இருக்கும். அகலமான படத்தை அதில் அடைக்க ஏதாவது ஒரு பக்கத்தை வெட்டத்தான் வேண்டும். கை தானாகவே முகம் தெரியும் பகுதியை வைத்துக்கொண்டு கூட்டத்தை நீக்கும். ஆனால் கலவரப் படத்தில் கல்லெறிபவர்களை நீக்கினால், லாரி ஏன் வருகிறது என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் இதைச் செய்திருந்தால், தலைமைத் துணையாசிரியர் பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். சார்புக் குற்றச்சாட்டை சி.என்.என். ஏற்கவில்லை, ஆனால் அந்த வெட்டு தவறு என்பதே என் தொழில்முறைத் தீர்ப்பு.

காத்மாண்டு படங்களின் கதை வேறு. அந்த வாரம் லாசாவிலிருந்து படமே அரிதாகத்தான் வந்தது. காத்மாண்டுவிலிருந்தோ திபெத்தியர் போராட்டப் படங்கள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. 'திபெத், போராட்டம், காவல்துறை' என்று தேடினால் முதலில் கிடைப்பவை அவையாகத்தான் இருந்திருக்கும். குறிப்பைப் படிக்காமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆர்.டி.எல். பின்னர் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நானே ஒருமுறை வேறு மாநில வெள்ளப் படத்தை எங்கள் மாவட்ட வெள்ளம் என்று முதல் பக்கத்தில் வைத்துவிட்டேன். படத்தில் இருந்த கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்றுகூட இரவு பதினொன்றரை மணிக்கு எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை வாசகர்கள் தொலைபேசியில் படித்துக் காட்டினார்கள்.

ஆகவே, சதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் சித்தப்பாவின் பக்கம் ஒரு வலுவான கருத்து இருக்கிறது. அதை அவரே கவனித்தாரா என்று தெரியவில்லை. வெறும் கவனக்குறைவு என்றால் பிழைகள் இரு திசையிலும் விழ வேண்டும் அல்லவா? இங்கே எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. பக்கம் கட்டுபவர் மனத்தில் முன்பே இருக்கும் கதைக்கு ஒத்துவராத படம் வந்தால் அவர் இரண்டு முறை பார்ப்பார், குறிப்பைப் படிப்பார், நிருபரைக் கேட்பார். ஒத்துவரும் படம் வந்தால் அப்படியே வைத்துவிடுவார். சார்பு என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சிற்றலை நேயர்:

அந்த மார்ச் மாதத்தில் நான் தினமும் இரண்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தவன். மாலையில் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு, இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. சீன வானொலி 1963இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது; தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீனர்களே செய்தி வாசிப்பார்கள், நேயர் மன்றங்களுக்குப் பொங்கல் வாழ்த்துக்கூட வரும். அன்பாகப் பேசும் அதே குரல்கள் லாசாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் 'தலாய் குழு' (தலாய் லாமாவின் ஆட்கள்) என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாக் காரணத்தையும் அடக்கிவிடும். மார்ச் 10 அன்று துறவிகள் ஊர்வலம் சென்றது ஏன், அதன் பிறகு நான்கு நாட்களில் என்ன நடந்தது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

நண்பர் பக்கம் கட்டுபவர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். லாசாவிலிருந்து படம் ஏன் அரிதாக வந்தது? கலவரம் வெடித்தபோது அனுமதியுடன் அங்கே இருந்த வெளிநாட்டு நிருபர் ஒரே ஒருவர்: தி எக்கானமிஸ்ட் இதழின் ஜேம்ஸ் மைல்ஸ். அவருடைய அனுமதியும் மார்ச் 19 அன்று முடிந்துவிட்டது. அதன் பின் வெளிநாட்டு நிருபர்களை உள்ளே விடவில்லை. யூடியூப் சீனாவில் முடக்கப்பட்டது.

அந்த மைல்ஸ் என்ன சொன்னார் என்பதை உங்கள் சித்தப்பாவுக்கு அவசியம் காட்டுங்கள். பெரும்பான்மை இனத்தவரான ஹான் சீனர்களையும் ஹுய் முஸ்லிம்களையும் குறிவைத்து, அவர்களுடைய கடைகளைத் தேர்ந்தெடுத்துத் தாக்கியதைத் தாம் கண்டதாகவும், காவல்துறை தொடக்கத்தில் தலையிடாமல் ஒதுங்கி நின்றது தமக்கு வியப்பளித்ததாகவும் அவர் சொன்னார். பீஜிங்கின் தரப்புக்கு இதைவிட வலுவான சாட்சியம் வெளியிலிருந்து கிடைத்திருக்க முடியாது. அந்தப் பேட்டியை மார்ச் 20 அன்று முழுமையாக வெளியிட்டது எந்தத் தளம் தெரியுமா? படத்தை வெட்டிய அதே சி.என்.என். தான்.

மார்ச் இறுதியில் சீன அரசு தானே தேர்ந்தெடுத்த ஒரு நிருபர் குழுவை லாசாவுக்கு அழைத்துச் சென்றது. 27ஆம் தேதி, ஜோகாங் கோயிலில் அதிகாரி விளக்கிக்கொண்டிருந்தபோது, முப்பது பேர் அளவிலான இளம் துறவிகள் நடுவே புகுந்து, திபெத்துக்கு விடுதலை இல்லை, அரசு பொய் சொல்கிறது என்று அழுதுகொண்டே கத்தினார்கள். காட்டுவதற்கென்று அழைத்துப் போன இடத்திலேயே இது நடந்தது. கலவரத்தில் 18 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகச் சீன அரசு சொன்னது. அதைத் தொடர்ந்த நடவடிக்கைகளில் 200க்கும் மேற்பட்ட திபெத்தியர்கள் இறந்ததாக நாடுகடந்த திபெத்திய நிர்வாகம் சொன்னது. நேரில் போய் எண்ணிப் பார்க்க யாருக்கும் வழியில்லை.

இதை அதே ஆண்டு மே 12 அன்று நிகழ்ந்த சிச்சுவான் நிலநடுக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலிம்பிக்ஸை முன்னிட்டு 2007 ஜனவரியில் வந்த விதிகளின்படி, வெளிநாட்டு நிருபர்கள் மாகாண அதிகாரிகளின் முன் அனுமதியின்றிப் பயணம் செய்யலாம், சம்மதிப்பவர்களைப் பேட்டி காணலாம். திபெத்துக்கு மட்டும் தனி அனுமதி தொடர்ந்தது. நிலநடுக்கத்தின் முதல் நாட்களில் நிருபர்கள் இடிபாடுகளுக்கு நடுவே நின்று எழுதினார்கள். லாசாவைப் பற்றி எழுதிய அதே ஊடகங்கள், சீன ராணுவ வீரர்கள் வெறும் கையால் கற்களை அகற்றியதையும், நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வண்டி பிடித்து உதவிக்கு வந்ததையும் மரியாதையோடு எழுதின. இரண்டு மாதத்துக்குள் அவர்களுடைய சார்பு கரைந்துவிட்டதா? கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். பள்ளிக் கட்டடங்கள் மட்டும் ஏன் அப்பளம் போல நொறுங்கின என்று பெற்றோரும் நிருபர்களும் கேட்கத் தொடங்கியதும் அந்தக் கதவும் மெல்லச் சாத்தப்பட்டது. இறந்த மாணவர்களின் பட்டியலைத் திரட்டிய தான் சுவோரென் என்பவருக்கு 2010இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

சீனாவில் படித்தவள்:

நேயர் ஐயா எழுதியதைப் பெரும்பாலும் ஏற்கிறேன்; ஆனால் 'கதவு மூடியிருந்தது' என்பதை எல்லாவற்றுக்கும் விடையாக்குவதை ஏற்க முடியவில்லை.

2008இல் நான் சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழிகள் பலர் அரசைப் பற்றி விடுதி அறையில் தாராளமாகக் குறைசொல்பவர்கள். அவர்களைக் கொதிக்கவைத்தவை இரண்டு நிகழ்வுகள். ஏப்ரல் 7 அன்று பாரிசில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த வாள்வீச்சு வீராங்கனை ஜின் ஜிங்கின் கையிலிருந்து ஒலிம்பிக் சுடரைப் பிடுங்க முயன்றது ஒன்று. அதற்கு இரண்டு நாள் கழித்து சி.என்.என். விமர்சகர் ஜாக் கஃபர்டி, சீனர்களை ரவுடிகள் என்ற பொருள்படப் பேசியது மற்றொன்று. சீன அரசைத்தான் சொன்னார், மக்களை அல்ல என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. என் தோழிகளின் காதில் அது ஏறவே இல்லை. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் படித்த ராவ் ஜின் என்ற இளைஞர் மார்ச்சிலேயே 'ஆன்டி-சி.என்.என்.' என்ற தளத்தைத் தொடங்கி, இந்தப் படங்களை அடுக்கியிருந்தார். உங்கள் சித்தப்பா அனுப்பும் தொகுப்பின் மூலம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். 'மனிதன் ரொம்பவும் சி.என்.என். ஆகிவிடக் கூடாது' என்பது அன்று சொலவடையாகவே ஆகிவிட்டது. உணவகத்தில் யாராவது கதை அளந்தால்கூட அதைத்தான் சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது, கதவு திறந்திருந்தும் தவறாகச் சொல்லப்பட்ட ஒன்றைப் பற்றி. 2014இல் சீன அரசவை (அந்நாட்டின் அமைச்சரவை) 'சமூக நம்பகத்தன்மை'க்கான திட்ட வரைவை வெளியிட்டது. அது யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், 2020க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசு ஒற்றை மதிப்பெண் போடப்போகிறது, பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டால் மதிப்பெண் குறையும் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த மைக் பென்ஸ் 2018இல் ஆற்றிய உரையிலும் அது இடம்பெற்றது. அப்படிப்பட்ட நாடு தழுவிய ஒற்றை மதிப்பெண் நடைமுறைக்கு வரவே இல்லை.

உண்மையில் இருந்தவை தனித்தனியான பல ஏற்பாடுகள். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் கடனைக் கட்டாதவர்களின் பட்டியலை உச்ச மக்கள் நீதிமன்றம் 2013 முதல் வெளியிடுகிறது. அதில் பெயர் வந்தால் விமானச் சீட்டும் அதிவேக ரயில் சீட்டும் வாங்க முடியாது. ஷாண்டோங் மாகாணத்தின் ரோங்செங் போன்ற சில ஊர்களில், ஆளுக்கு 1000 புள்ளியில் தொடங்கும் உள்ளூர்ச் சோதனைத் திட்டங்கள் நடந்தன. அலிபாபா குழுமத்தைச் சேர்ந்த 'சீசேம் கிரெடிட்' 350 முதல் 950 வரை மதிப்பெண் கொடுத்தது. அது தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கு. இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியதுதான் நாம் படித்த செய்தி. கடனாளிப் பட்டியலில் தவறாகச் சிக்குபவர்கள் எப்படி மீள்வது என்ற மெய்யான குறையை அந்தக் கதை மறைத்தேவிட்டது. இதற்கு யாரும் விசா மறுக்கவில்லையே, ஐயா?

சிற்றலை நேயர்:

சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். அங்கே படிக்கச் சோம்பல்பட்டதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வைகைக்கரையான்:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. சீனாவின் மேற்கே ஷின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்களை அடைத்துவைத்த முகாம்களைப் பற்றிய செய்தியை நான் பகிர்ந்தபோதும் சித்தப்பா இதே லாசாப் படங்களைத்தான் அனுப்பினார். அங்கே எதை வைத்துப் பார்ப்பது?

பக்கம் கட்டுபவர்:

அங்கே மேற்கத்திய ஊடகத்தை ஒதுக்கிவைத்துவிட்டே பார்க்கலாம். 2018 ஆகஸ்டில் ஐ.நா. குழுவின் முன் சீனப் பிரதிநிதி, மறுகல்வி மையங்கள் என்று எதுவும் இல்லை என்றார். அக்டோபரில் ஷின்ஜியாங் நிர்வாகம் தன் ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, தீவிரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களைத் திருத்துவதற்கான 'தொழிற்கல்விப் பயிற்சி மையங்க'ளுக்கு இடம் தந்தது. அந்த மாதமே அப்பகுதியின் தலைவர் அவற்றைப் பற்றி விளக்கிப் பேட்டியும் கொடுத்தார். இரண்டு மாத இடைவெளியில் இல்லை என்றதும் உண்டு என்றதும் ஒரே அரசு. நடுவில் மாறியது, செயற்கைக்கோள் படங்களும் அரசின் கட்டுமான ஒப்பந்த அறிவிப்புகளும் வெளியே வந்ததுதான். லாசாவில் ஒரு படம் தவறாக வெட்டப்பட்டதால் இந்த அறிவிப்புகள் பொய்யாகிவிடாது. கணக்கு ஆசிரியர் என்கிறீர்கள். இது வேறு கணக்கு, தனித் தாளில் போட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றையும் நம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். 2023இல் இந்தியாவும் சீனாவும் மாற்றி மாற்றி நிருபர்களின் விசாவை முடக்கி, அந்த ஆண்டின் நடுவில் பீஜிங்கில் இந்திய நிருபர்கள் அநேகமாக இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்தன. அப்போது தமிழ் நாளிதழ்களில் வந்த சீனச் செய்திகள் பெரும்பாலும் ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி., ஏ.பி. ஆகியவற்றின் மொழிபெயர்ப்புதான். அந்த மேசையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், மூலத்தில் 'கூறப்படுகிறது' என்று இருப்பது நம் தலைப்பில் 'அம்பலம்!' ஆகிவிடும்.

வைகைக்கரையான்:

நேற்றிரவு சித்தப்பாவுக்கு மைல்ஸ் பேட்டியின் சுருக்கத்தையும் ஜோகாங் துறவிகளைப் பற்றிய செய்தியையும் ஒன்றாக அனுப்பினேன். வெகுநேரம் நீலக்குறி மட்டும் இருந்தது. பிறகு, "எக்கானமிஸ்டும் லண்டன் பத்திரிகைதானே?" என்று கேட்டார். "ஆமாம் சித்தப்பா, அந்த லண்டன்காரர்தான் உங்கள் பக்கத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்" என்றேன். இன்று காலை, பேட்டி முழுவதையும் தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லியிருக்கிறார். சுருக்கத்தில் எதை வெட்டினேனோ என்று ஐயமாம். பாதி முடித்துவிட்டேன். 'ஹுய்' என்பதற்குத் தமிழில் வழக்கமான சொல் ஏதும் இல்லையென்றால், 'சீன மொழி பேசும் முஸ்லிம்கள்' என்று விளக்கி எழுதலாமா?

சீனாவில் படித்தவள்:

எழுதலாம். முதல் இடத்தில் மட்டும் அப்படி விளக்கிவிட்டு, பிறகு 'ஹுய்' என்றே விட்டுவிடுங்கள்.