கடல்நீரில் சுருங்கிய ரியோ இலைச் செல்கள் மீளவில்லை: உதவி தேவை

மண்டபம் அருகே ஒரு கடலோர ஊரின் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கான பிளாஸ்மா சிதைவுச் சோதனையில் (நீரை இழந்து செல்லின் உட்பகுதி சுருங்குவதைக் காட்டுவது) பாதிதான் நடக்கிறது.

ரியோ என்னும் அழகுச் செடியின் இலையில் ஊதா நிற அடிப்புறத்தோலை உரித்துக் கடல்நீரில் வைத்தால், செல்லுக்குள் இருக்கும் நீர் சவ்வூடு பரவலால் வெளியேறி, ஊதா நிற உட்பகுதி செல் சுவரை விட்டு விலகிச் சுருங்குவது சில நிமிடங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கடல்நீரை ஒற்றியெடுத்துவிட்டுக் காய்ச்சி வடித்த நீரை விட்டதும், செல்கள் பழையபடி விரிவதற்குப் பதிலாக, பெரும்பாலானவற்றின் நிறம் வெளியே கசிந்துவிடுகிறது. வாக்குவோலுக்குள் (செல்லின் நடுவே உள்ள சாறு நிறைந்த பை) இருக்க வேண்டிய ஆந்தோசயனின் என்னும் ஊதா நிறமி வெளியேறுவதைப் பார்த்தால், நீர் வேகமாக உட்புகுந்து சவ்வுகள் கிழிகின்றன என்றே கருதுகிறேன்.

இளம் இலை, முதிர்ந்த இலை இரண்டையும் பயன்படுத்தினேன். கடல்நீரில் வைக்கும் நேரத்தைக் குறைத்தேன். காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக மழைநீரையும் விட்டுப் பார்த்தேன். எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு என்பதால் அதைத் தவிர்த்தேன். சர்க்கரைக் கரைசலில் சுருக்கிய செல்கள் மட்டும் ஓரளவு மீண்டன. பார்ப்பது சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியில், 10 மடங்கு, 40 மடங்கு பொருளருகு லென்சுகளில்.

சர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். எனினும், கடலை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கடல்நீரிலேயே இதை முழுமையாகக் காண வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடல்நீரில் சுருங்கிய செல்களை உயிருடன் மீட்க, அந்நீரை எந்தெந்தச் செறிவுகளுக்குப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?