ரெவிட்: ஷீட்டுக்கு ஷீட் பிளான் இடம் மாறி உட்காருகிறது

பாலாற்றங்கரை:
வணக்கம். ரெவிட்டில் (கட்டட வரைபட மென்பொருள்) வரைகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் 30×40 அடி மனை, தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடி. தளத்துக்கு ஒரு ஏ2 ஷீட், 1:50. வியூவை (ஒரு தளத்தின் பிளானை) ஷீட்டில் இழுத்துப் போடும்போது கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது. பிடிஎஃப்பில் பக்கம் புரட்டினால் அதே பில்லர் 4, 5 மி.மீ. தள்ளி நிற்கிறது. முதல் தளத்துக்கு டைமென்ஷன் போட்ட பிறகு இன்னும் மோசம். மேஸ்திரி இரண்டு ஷீட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பவர். வழி சொல்லுங்கள்.

காட்பாடி_டிசைன்:
1:50-இல் 4 மி.மீ. என்றால் சைட்டில் 200 மி.மீ. சார், ஏறக்குறைய 9 அங்குலச் சுவர் கனம். விடக்கூடாத பிழை.

வியூபோர்ட் (ஷீட்டில் வியூ உட்காரும் சட்டம்) பெட்டிக்குள் பிளான் மட்டும் இல்லை. வெளியே நீளும் டைமென்ஷன், டெக்ஸ்ட் எல்லாம் சேர்ந்துதான் அதன் அளவு. முதல் தளத்தில் ஒரு வரிசை டைமென்ஷன் கூடினாலே பெட்டியின் நடு மாறிவிடும். அதனால் பெட்டியைப் பார்த்து வைக்காதீர்கள்.

முதலில் ஏதாவது ஒரு பிளானில் ஸ்கோப் பாக்ஸ் (வியூக்களின் எல்லையைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வரைந்து, மூன்று பிளானுக்கும் ப்ராபர்ட்டீஸில் அதையே கொடுங்கள். கிராப் எல்லை, அதாவது வியூ வெட்டப்படும் ஓரம், மூன்றிலும் ஒன்றாகிவிடும். பிறகு ஷீட்டைத் திறந்து வியூ டேபில் கைடு கிரிட் (ஷீட்டில் வியூவை ஒழுங்காக வைக்க உதவும் கட்டக் கோடுகள்) போடுங்கள். இடைவெளி 50 மி.மீ. போதும், 10 வைத்தால் கோடுகள் நெருங்கி ஸ்னாப் (கோட்டில் தானாக ஒட்டுவது) பக்கத்துக் கோட்டில் விழும். மற்ற ஷீட்களில் புதிதாக உருவாக்காமல், ஷீட் ப்ராபர்ட்டீஸில் அதே பெயரைத் தேர்ந்தெடுங்கள். இனி மூவ்: பில்லர் வரிசைகளுக்கான அச்சுக் கோடுகளில் 'ஏ' கிரிட் கோட்டைப் பிடித்து கைடு கோட்டில் வையுங்கள், அடுத்து '1' கோட்டை. சுவரோ பில்லர் முனையோ ஸ்னாப் ஆகாது. கிரிட், லெவல், ரெஃபரன்ஸ் பிளேன், கிராப் எல்லை மட்டும்தான். முடிந்ததும் வியூபோர்ட்டை நகராதபடி 'பின்' செய்துவிடுங்கள். கைடு கிரிட் பிரிண்டில் வராது.

பாலாற்றங்கரை:
நன்றி சார். தரைத்தளமும் மொட்டைமாடியும் அச்சாகப் பொருந்திவிட்டன. முதல் தளத்தில் மட்டும் கிரிட் கோடு ஸ்னாப் ஆகவே மாட்டேன் என்கிறது.

ஆற்காடு_டிராஃப்டிங்:
அந்த வியூவின் ஓரியன்டேஷனைப் பாருங்கள். ட்ரூ நார்த் (உண்மையான வடக்கு) என்றிருந்தால் கிரிட் சாய்ந்து நிற்கும். சாய்ந்த கோட்டைக் கைடு கிரிட் ஏற்காது. ப்ராஜெக்ட் நார்த்துக்கு (கட்டடத்துக்கு நேராக வைத்துக்கொள்ளும் வடக்கு) மாற்றுங்கள்.

அனோட்டேஷன் கிராப்பையும் (டைமென்ஷன், டெக்ஸ்ட்டுக்கான எல்லை) போடலாம், ஆனால் கவனம்: அதன் கோட்டில் ஒரு எழுத்து இடித்தாலும் அந்த டெக்ஸ்ட் முழுசாக மறைந்துவிடும்.

எலிவேஷனும் செக்‌ஷனும் ஒரே ஷீட்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் லெவல் கோட்டை வைத்து இதே முறைதான்.

காட்பாடி_டிசைன்:
விட்டுப்போன ஒன்று. பிரிண்ட் கடையில் 'ஃபிட் டு பேஜ்' போட்டுவிட்டால் ஸ்கேலே போய்விடும். 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லி, ஷீட்டில் அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள்: 30 அடி 182.9 மி.மீ. வரவேண்டும்.