தீவுகளுக்கு நடுவே பாய்மரப் படகில் போன தம்பதிகளே, மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கடல்காகம்

போரா என்கிற மலைக்காற்று எப்படி வீசும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குரோவேஷியா, ஷ்செட்ரோ தீவு, லோவிஷ்சே குடா. நானும் வீட்டுக்காரரும் ஸ்பிளிட்டில் படகு எடுத்து, பிராச், ஹ்வார் தீவுகள் என்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தோம். மதியம் மாயெஸ்த்ரால் என்கிற கடல்காற்று எழுந்ததும் பாய் விரிப்பது, சாயங்காலம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம். அவ்வளவுதான் திட்டம்.

இருட்டினதும் எதிரே ஹ்வார் மலையிலிருந்து காற்று இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் கன்னத்தில் விட்ட மாதிரி ஒரே அறை. எங்களுக்கு முன்னால் நின்ற பெரிய படகு நங்கூரம் பிடி விட்டு மெல்லப் பின்னால் வந்தது. ஆள் இல்லை, எல்லோரும் கரையில் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹார்ன் அடித்தோம், கத்தினோம். வீட்டுக்காரர் ஃபெண்டரோடு, அதாவது மோதலைத் தாங்கும் மெத்தையோடு, ஓடினார், நான் இஞ்சினைப் போட்டேன். அந்தப் படகு எங்கள் பக்கவாட்டில் உரசிக்கொண்டே கடந்து போனது. பின்னால் பாறை.

அப்போது வந்தார் அந்த அம்மா. எழுபதைத் தாண்டியிருக்கும். இன்னொரு படகிலிருந்து டிங்கி என்கிற குட்டிப் படகில் கணவர் துடுப்புப் போட, டார்ச்சை வாயில் கடித்தபடி வந்து, ஆளில்லாத அந்தப் படகின் ஏணியில் ஏறினார். நேரே முன்பக்கம் போய், நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் விண்ட்லாஸைத் தளர்த்தினார். சங்கிலி ஓடும் சத்தம் குடா முழுக்கக் கேட்டது. விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பூட்டிவிட்டு, முட்டி போட்டு, இறுகி நின்ற சங்கிலி மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. இரண்டு அறை காற்று கடந்தது. கையை எடுத்தார், டிங்கியில் இறங்கினார், போய்விட்டார். எங்கள் பக்கம் ஒரு தலையசைப்பு மட்டும்.

படகுக்காரர்கள் நடுராத்திரி சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பினார்கள். எங்களைப் பார்த்துக் குட் நைட் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம். நடந்ததைச் சொல்லவில்லை. "சொல்லியிருக்கணும்" என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். காப்பாற்றியவரே சொல்லாதபோது நாம் யார் சொல்ல என்பது என் கட்சி.

சுக்கான்பிடி

கடல்காகம், மன்னிக்கவும். அந்த அம்மா துணிச்சல்காரர்தான். ஆனால் அடுத்தவர் படகில் கேட்காமல் ஏறுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னால் பாறை என்கிறீர்கள். சங்கிலி விட விடப் படகு பாறைக்கு இன்னும் கிட்டத்தானே போகும்? நங்கூரம் பிடிக்காமல் போயிருந்தால் பழி யார் தலையில்? உங்கள் சங்கிலியில் சிக்கியிருந்தால் இரண்டு படகும் போயிருக்கும். விஎச்எஃப் ரேடியோவில், அவசரத்துக்கான 16-ம் சேனலில் கூப்பிட்டீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், கிரீஸில் கெஃபலோனியா தீவு, ஃபிஸ்கார்தோ துறைமுகம். படகுத்துறைக்குப் பின்பக்கத்தைக் கொடுத்து, முன்னால் நங்கூரம் போட்டு எல்லோரும் வரிசையாக நிற்போமே, அந்த இடம். காலையில் பக்கத்துப் படகு கிளம்பியது. அதன் சங்கிலியில் மாட்டிக்கொண்டு எங்கள் நங்கூரமும் சேறு சொட்டச் சொட்ட மேலே வந்தது. அந்த ஆள் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொக்கியால் ஒரு தட்டு தட்டிக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு வார்த்தை கிடையாது. மனைவி தலை துவட்டிக்கொண்டே மேலே வந்து கேட்டாள், "ஏங்க, கரை ஏன் கிட்ட வருது?"

அந்த ஆளின் முகம் மறக்கவில்லை. நம் பொருளைத் தொடுகிறவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உதவியோ உபத்திரவமோ.

முப்பதடிப் படகு

இரண்டு கதையிலும் கோளாறு ஒன்றுதான், நங்கூரம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஆழத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். படகின் முன்பக்கம் தண்ணீருக்கு மேலே இருக்கும் உயரத்தையும் சேருங்கள். 6 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 7. அமைதியான ராத்திரிக்கே அதைப்போல் 5 மடங்கு, 35 மீட்டர் சங்கிலி. காற்று வரும் என்று தெரிந்தால் 7 மடங்குக்குக் குறைய வேண்டாம். சங்கிலி குறைவாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி வரும், நங்கூரம் பெயர்ந்துவிடும். நீளமாக விட்டால் அது தரையோடு கிடந்து நங்கூரத்தைக் கிடையாக இழுக்கும், அதனால் இன்னும் ஆழமாகப் புதையும். அந்த அம்மா செய்தது இதைத்தான். கூடவே, எல்லாப் படகும் காற்றோடு சுற்றும். நீங்கள் நீளமாக விட்டால் பக்கத்துப் படகோடு மோதாத இடமாகவும் பார்க்க வேண்டும்.

டிப்த் மீட்டர் எதிலிருந்து அளக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்தா, கீலுக்கு (படகின் அடித்தண்டுக்கு) அடியிலிருந்தா என்பது படகுக்குப் படகு மாறும்.

அடுத்தது புல். மத்தியதரைக் கடலில் அடியில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் போசிடோனியா என்கிற கடல்புல். நங்கூரம் அதன் மேல் கிடக்கும், புதையாது. பிடித்த மாதிரியே நடிக்கும், அறை விழுந்ததும் விடும். வெளிறிய மணல் திட்டைத் தேடிப் போடுங்கள். அந்தப் புல்லைக் கிழிப்பதும் பாவம், மிக மெதுவாக வளர்வது. ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளில் 2018-லேயே அதன் மேல் நங்கூரம் போடத் தடை கொண்டுவந்துவிட்டார்கள்.

போட்ட பிறகு இஞ்சினை மெதுவாக ரிவர்ஸில் கொடுங்கள். கரையில் ஒரு மரம், அதன் பின்னால் ஒரு பாறை என்று இரண்டு குறி வைத்து, அவை ஒன்றுக்கொன்று நகர்கிறதா பாருங்கள். படகு நகர்ந்தால் ஒலிக்கிற மாதிரி ஃபோனில் அலாரம் வைப்பது அதற்கு மேல் ஒரு காவல், அதற்குப் பதில் அல்ல. விண்ட்லாஸ் மேல் பாரம் விழாமல் சங்கிலியில் ஒரு கயிறு கட்டி இழுப்பை அந்தக் கயிற்றின் மேல் மாற்றுங்கள்.

இன்னொன்று, தம்பதிகளுக்கு. ஒருவர் சுக்கானில், ஒருவர் முன்னால். கத்தாதீர்கள். கைச்சைகைகளை மத்தியானமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதனால்தான் இன்னும் ஒரே படகில் போகிறோம்.

என் கதையா? பெரிதாக ஒன்றுமில்லை. குரோவேஷியாவின் கோர்ச்சுலா தீவுக்கு வெளியே ஒரு கிழவர் தனியாகப் படகில் போனார், மடியில் பூனை. கை அசைத்தேன். பூனைதான் திரும்பிப் பார்த்தது.

உப்புக்கண்

நங்கூர வகுப்பு முடிந்ததா? சரி, என்னுடையது மனுஷனே இல்லாத சந்திப்பு.

கிரீஸின் ஸ்போராடெஸ் தீவுக்கூட்டம், கிரா பனகியா தீவு, பிளானிட்டிஸ் குடா. வாய் குறுகல், உள்ளே போனால் ஏரி மாதிரி அகலம். அந்தப் பகுதி ஒரு கடல் பூங்கா, அதில் பிப்பேரி தீவை நெருங்கக்கூடாது, 3 கடல் மைலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். துறவிக் கடல்நாய்கள், அதாவது மாங்க் சீல்கள், குட்டி போடும் இடம். அதனால் அவற்றைப் பார்ப்போம் என்ற எண்ணமே எங்களுக்கு இல்லை.

காலையில் என் மனைவி பின் ஏணியில் இறங்கி நீந்திக்கொண்டிருந்தாள். நான் மேலே கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் ஒரு தலை எழும்பியது. வழுக்கை, பெரிய மீசை, ஈரமான கறுப்புக் கண். அவள் பார்க்கவில்லை. கூப்பிட்டால் பதறுவாள், கூப்பிடாவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும். கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அது மூக்கைத் திறந்து ஒரு மூச்சு விட்டது, சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முங்கினார்கள்.

அவள் மட்டும் மேலே வந்தாள். "ஏன் சொல்லல?" என்று கேட்டாள். இதுவரை பதில் இல்லை.

கடல்காகம்

சுக்கான்பிடி, ஹார்ன் அடித்தோம் என்றுதான் எழுதியிருக்கிறேன். 16-லும் கூப்பிட்டோம். ஆளில்லாத படகில் ரேடியோவை யார் எடுப்பார்கள்? டிங்கியில் கரைக்குப் போய்க் கூட்டிவர நேரமும் இல்லை. பாறைக்குக் கிட்டப் போகும் என்கிறீர்கள், சும்மா விட்டிருந்தாலும் அங்கேதான் போயிருக்கும்.

முப்பதடி சார், அவர்கள் விட்டிருந்த சங்கிலி ரொம்பக் கம்மி என்று வீட்டுக்காரரும் சொல்கிறார்.

சுக்கான்பிடி

ரேடியோ விஷயம் சரி. ஆனாலும் நான் ஏற மாட்டேன்.