ஸ்பேம் மெயில் டிக்கெட்டாக மாறுவதை எங்கே நிறுத்துவது?

கேள்வி:
சப்போர்ட் முகவரிக்கு வரும் மெயில் எல்லாம் எங்கள் ஓடிஆர்எஸ்ஸில் (வாடிக்கையாளர் புகார்களை எண் போட்டுப் பதியும் மென்பொருள்) தானாக டிக்கெட் ஆகிவிடும். கொஞ்ச நாளாக ஸ்பேமும் அப்படியே ஆகிறது, காலையில் உட்கார்ந்ததும் முதல் வேலையே அதையெல்லாம் மூடுவதுதான். முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடுத்துப் பார்த்தேன், மறுநாள் வேறு முகவரியில் வருகிறது. போன வாரம் மொத்தமாக டிக் செய்து மூடும்போது ஒரு வாடிக்கையாளரின் புகாரும் சேர்ந்து போய்விட்டது, அவர் மூன்று நாள் காத்திருந்து போன் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. டிக்கெட் ஆவதற்கு முன்பே நிறுத்த வழி உண்டா? மெயில் சர்வர் எங்களுடையதுதான், போஸ்ட்ஃபிக்ஸ்.

பதில் 1:
முகவரியைத் தடுத்துப் பயனில்லை, பெரும்பாலும் அது போலி. சர்வரிலேயே ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டியைப் போடுங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் கொடுக்கும், மாற்றாமல் விட்டால் 5-ஐ எட்டியதும் ஸ்பேம் என்று முடிவு செய்து ஹெடரில் (மெயிலின் தலைப்பகுதி) 'எக்ஸ்-ஸ்பேம்-ஃப்ளாக்: யெஸ்' (X-Spam-Flag: YES) என்று ஒரு வரி சேர்க்கும். ஓடிஆர்எஸ்ஸில் வரும் மெயிலைப் பிரிக்கும் போஸ்ட்மாஸ்டர் ஃபில்டரில், அந்த வரி இருந்தால் ஜங்க் க்யூவுக்கு (ஸ்பேமுக்கான தனி டிக்கெட் வரிசை) அனுப்பச் சொல்லிவிடுங்கள். அதே ஃபில்டரில் 'எக்ஸ்-ஓடிஆர்எஸ்-இக்னோர்' (X-OTRS-Ignore) வைத்தால் டிக்கெட்டே உருவாகாது, ஆனால் எடுத்தவுடன் அதில் கை வைக்காதீர்கள். தவறாக மாட்டிய மெயிலைத் தேடி எடுக்க இடமே இருக்காது, போன வாரம் நடந்ததுதான் மறுபடி நடக்கும், இந்த முறை தடயமும் இல்லாமல்.

பதில் 2:
ஒன்றை விட்டுவிட்டீர்கள், 'உங்கள் மெயில் கிடைத்தது, டிக்கெட் எண் இது' என்று போகும் தானியங்கி பதில். ஸ்பேமுக்கும் அது போகிறது என்றால், அனுப்பியவர் முகவரி போலி என்பதால் சம்பந்தமே இல்லாத யாருக்கோ போய்ச் சேர்கிறது. அது தொடர்ந்தால் உங்கள் சர்வரையே தடைப்பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், அப்புறம் உண்மையான வாடிக்கையாளருக்குப் போகும் பதிலும் போய்ச் சேராது. ஓடிஆர்எஸ்ஸில் தானியங்கி பதிலை க்யூ வாரியாகத்தான் இணைக்கிறோம், ஜங்க் க்யூவுக்கு எதையும் இணைக்காமல் விட்டால் போதும்.

கேட்டவர்:
தானியங்கி பதிலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, இன்றே பார்க்கிறேன். ஒரு பயம் மட்டும்: எங்கள் வாடிக்கையாளர்கள் எரர் லாக், லிங்க் எல்லாம் ஒட்டி அனுப்புவார்கள். அதுவும் ஸ்பேம் ஆகிவிட்டால்?

பதில் 1:
ஆகலாம். அதனால்தான் பழக்க வேண்டும். ஸ்பேம்அசாசினின் 'எஸ்ஏ-லேர்ன்' (sa-learn) கட்டளையில் ஸ்பேமையும் நல்ல மெயிலையும் தனித்தனியாகக் கொடுங்கள், இரண்டிலும் குறைந்தது 200 சேர்ந்த பிறகுதான் அதன் பேயஸ் பகுதி (பழகியதை வைத்துக் கணிக்கும் பகுதி) வேலை செய்யவே ஆரம்பிக்கும். நல்ல மெயிலுக்கு உங்கள் பழைய டிக்கெட்டுகளின் மூல மெயில்களையே எடுங்கள், அந்த எரர் லாக் எல்லாம் அதில்தானே இருக்கிறது. பொருள் வரியில் உங்கள் டிக்கெட் எண் வடிவம் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கும்படி ஒரு விதியும் எழுதிவிடுங்கள், நடந்துகொண்டிருக்கும் உரையாடல் அறுந்துபோகாது. முதல் மாதம் ஜங்க் க்யூவை தினமும் ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.