மூன்று விகிதமும் கூட்டினால் 1 வர வேண்டும், ரேண்டமாக எடுப்பது எப்படி?

பகடை:
பங்கு, கடன் பத்திரம், தங்கம் என மூன்றில் பணத்தைப் பிரிக்கும் விகிதங்களை ரேண்டமாக எடுத்து ஒரு சிமுலேஷன் ஓட்டுகிறேன். பைத்தானில் 0 முதல் 1 வரை மூன்று எண்கள் எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கிறேன். மொத்தம் சரியாக 1 வருகிறது. ஆனால் ஒவ்வொரு பிரிப்பையும் ஒரு புள்ளியாகக் காட்டும் முக்கோணப் படத்தில் (மூலை என்றால் பணம் முழுக்க ஒன்றிலேயே) புள்ளிகள் எல்லாம் நடுவில் அப்பிக்கிடக்கின்றன, மூலைகளில் ஈ காக்கை இல்லை. ஏன்?

கணக்குப்பிள்ளை:
வம்பு அந்த வகுத்தலில்தான். நீங்கள் எடுக்கும் எண்கள் ஒரு கனசதுரத்துக்குள் சமமாகப் பரவியிருக்கின்றன. வகுத்ததும், ஆதிப்புள்ளியிலிருந்து ஒரே திசையில் இருப்பவை எல்லாம் ஒரே புள்ளியில் போய் விழும். கனசதுரத்தின் மூலைவிட்டம்தான் மிக நீளமான திசை, அதனால் நடுவில் கூட்டம். கணக்குப் போட்டால் நடுவின் அடர்த்தி மூலையைப் போல 27 மடங்கு.

ஒவ்வொரு எண்ணுக்கும் இயல் லாக் எடுத்து, குறியை மாற்றி, அப்புறம் வகுங்கள். சமமாகப் பரவும். பைத்தானின் கணித நூலகமான நம்பையில் (NumPy) இதற்கு டிரிக்லே (dirichlet) என்று ஒரு ஃபங்ஷன் ரெடிமேடாகவே இருக்கிறது. மூன்று அளவுருவும் 1 என்று கொடுத்தால் போதும். சோதிக்க ஒரு வழி: பங்கின் விகிதம் பாதியைத் தாண்டும் வாய்ப்பு 1/4 வர வேண்டும். உங்கள் பழைய முறையில் 1/6தான் வரும்.

பகடை:
கால் பங்கு வந்துவிட்டது, நன்றி அண்ணே! இன்னொன்று: எதுவும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியதை 0.4-இல் வெட்டி, மிச்சத்தை மற்றதில் போட்டால் சரியா?

கணக்குப்பிள்ளை:
வெட்டாதீர்கள், எல்லைக்கோட்டில் புள்ளிகள் குவிந்துவிடும். தாண்டியதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். 100-க்குச் சராசரியாக 4தான் தேறும். மூன்று விகிதத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

திண்ணை:
எதையும் தூக்கிப் போட வேண்டாமே. 0.4-க்கு ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அந்த மூன்று குறைகளும் கூட்டினால் 1.2 − 1, அதாவது 0.2. ஆக, டிரிக்லேயில் எடுத்து, 0.2-ஆல் பெருக்கி, 0.4-இலிருந்து கழித்தால் முடிந்தது. பக்கம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிய தலைகீழ் முக்கோணம் அது. பரப்பில் 1/25, மேலே சொன்ன அதே 4 சதவீதம். ஆனால் உச்சவரம்பு 50 சதவீதத்துக்கு மேல் போனால் இந்த வித்தை பலிக்காது, சில விகிதங்கள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது தூக்கிப் போடும் வழிதான்.

பகடை:
ஓட்டிப் பார்த்தேன், குட்டி முக்கோணம் முழுக்கச் சமமாக நிரம்புகிறது. அடுத்து தங்கத்துக்கு மட்டும் 25 சதவீத வரம்பு வைக்கப் போகிறேன்.

திண்ணை:
தாராளமாக. அப்போது குறைகளின் மொத்தம் 1.05 − 1, அதாவது 0.05. 0.2-க்குப் பதில் அதால் பெருக்கி, அவரவர் வரம்பிலிருந்து கழியுங்கள்.