புதுப்பிப்பு: ஃபயர்வாலை மீறித் திறக்கும் டாக்கர் போர்ட்
லினக்ஸில் ஃபயர்வாலை அமைக்க உதவும் யூஎஃப்டபிள்யூவில் (UFW) 5432 போர்ட்டை மூடிய பிறகும், புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரில் உள்ள போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வெளியிலிருந்து எப்படித் திறக்கிறது என்று கேட்டிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. போர்ட்டை 5432:5432 என்று கொடுத்தால் டாக்கர் அதை சர்வரின் எல்லா முகவரிகளிலும் திறந்து, அதற்கான ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகளையும் தானே எழுதிக்கொள்கிறது. வரும் பாக்கெட் கன்டெய்னருக்குத் திருப்பப்பட்டு ஃபார்வர்டு வழியில் (வேறிடத்துக்குக் கடத்தப்படும் பாக்கெட்டுகளுக்கான வழி) போவதால், இன்புட் வழியில் (சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான வழி) நிற்கும் யூஎஃப்டபிள்யூ தடை அதைப் பார்ப்பதே இல்லை. இதை டாக்கர் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

சரி, தீர்வு: போர்ட்டை 127.0.0.1:5432:5432 என்று மாற்றி (127.0.0.1 என்பது அந்த சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) கன்டெய்னரைத் திரும்ப உருவாக்கினேன், வெறும் ரீஸ்டார்ட் போதாது. இப்போது வெளியிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை. டாக்கர் 28க்கு முந்தைய பதிப்பு என்றால் கவனம், அதே லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கணினி இந்த போர்ட்டையும் தொட முடியும். அப்புறம், ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே கம்போஸ் ஃபைலில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து வரையறுக்கும் ஃபைல்) இருந்தால் போர்ட்டைத் திறக்கவே வேண்டாம், அதில் கொடுத்த சர்வீஸ் பெயரை வைத்தே பேசிக்கொள்ளும்.